பின்தங்கியவர் விலகத்தான் வேண்டுமா?
உட்கட்சித் தேர்தலும் எமது வாக்கும்

உட்கட்சித் தேர்தல் எங்கே நடைபெற்றாலும் அதன் நடுவழியில் ஒரு குரல் தவறாது எழுகின்றது. முன்னணியில் நிற்பவரின் வெற்றி உறுதியாகிவிட்டது. பின்தங்கி நிற்பவர் இனியும் களத்தில் நிற்பதால் கட்சிக்கு நட்டமேயன்றி நன்மை இல்லை. ஆகவே அவர் கௌரவமாக ஒதுங்கிக்கொள்வதே முறை என்பது அக்குரல். 2008இல் அமெரிக்காவில் ஹிலாரி கிளின்ரனை நோக்கி அது எழுந்தது. கனடிய லிபரல் கட்சியின் தலைமைப் போட்டிகளில் அது மீண்டும் மீண்டும் ஒலித்துள்ளது. உட்கட்சிக் களத்தைத் தாண்டி, 2024இல் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனை நோக்கியும் அதே குரல் எழுந்தது.

மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வாழும் எமது வாசகர்கள் பலருக்கு இது அடுத்த வீட்டுக்காரரின் சச்சரவு போலத் தோன்றலாம். நீல வழிச் சுரங்க ரயில் கிழக்கே சென்று முடியும் இவ்விடத்தில், முன்னாள் கற்குழிகளைச் சூழ்ந்த வீதிகளில், இத்தாலியர், ஹெயிற்றியர், இலத்தீன் அமெரிக்கர், வட ஆபிரிக்கர் ஆகியோருடன் எம்மவரும் குடியிருக்கின்றனர். வாடகை, வேலை, வழக்கு விசாரணைத் திகதி, பிள்ளைகளின் பிரெஞ்சுப் படிப்பு என்பனவே நாளாந்தக் கவலைகள். ஒரு கட்சியின் போட்டியில் மூன்றாம் இடத்தில் நிற்பவர் விலகினால் என்ன, நின்றால் என்ன என்று கேட்பதில் வியப்பில்லை.

ஆயினும் இக்கேள்வி எம்மையே மிக நெருக்கமாகத் தொடுகின்றது என்பது எமது கருத்து. அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியுரிமைக்கு முந்திய வாக்கு

கனடாவின் பொதுத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். கியூபெக் மாகாணத் தேர்தலுக்கும் மொன்றியல் மாநகரசபைத் தேர்தலுக்கும் இதே நிபந்தனைகள் உண்டு. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடம் கிடைத்து, ஐந்தாண்டுகளுக்குள் 1,095 நாட்கள் இந்நாட்டில் வாழ்ந்ததாகக் காட்டி, பின்னர் குடியுரிமைச் சத்தியம் எடுக்கும்வரை ஒருவருக்கு அரசு நடத்தும் இத்தேர்தல்களில் இடமில்லை. அதற்கு ஆண்டுகள் பல கழிகின்றன.

ஆனால் கட்சிகளின் உள்வாக்கெடுப்பு வேறு விதிகளின்படி நடைபெறுவது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் லிபரல் கட்சியில் பதினான்கு வயது நிரம்பியவராகவும் கனடாவில் வாழ்பவராகவும் உள்ள எவரும் சிறு கட்டணம் செலுத்தி உறுப்பினராகலாம் என்பதே விதி. குடியுரிமை கேட்கப்படவில்லை. 2016இல் வினிபெக் மகாநாட்டில் கட்டணமும் நீக்கப்பட்டது. எனவே பொதுத் தேர்தலில் வாக்கற்ற ஒருவர், அத்தேர்தலில் நிற்கப்போகும் வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் வாக்குள்ளவராக இருந்தார். தாயகத்தை விட்டு வந்த பலருக்கு இந்நாட்டில் கிடைக்கக்கூடிய முதல் வாக்கு இதுவே.

இவ்வாசல் இப்போது முன்னரிலும் ஒடுங்கியுள்ளது. வெளிநாட்டுத் தலையீடு குறித்து விசாரித்த நீதியரசர் மாரி-ஜோசே ஓக் தலைமையிலான ஆணைக்குழு, வேட்பாளர் நியமனப் போட்டிகள் அத்தகைய தலையீட்டுக்கு வழிதிறக்கக்கூடியவை என 2024இல் சுட்டிக்காட்டியது. 2025 ஜனவரியில், ஜஸ்ரின் ரூடோவுக்குப் பின் தலைவரைத் தெரிவுசெய்யும் போட்டிக்கு முன்பாக, லிபரல் கட்சி தன் விதியை மாற்றியது. குடியுரிமை பெற்றோர், நிரந்தர வதிவிடம் பெற்றோர், பூர்வகுடியினருக்கான சட்டத்தின்கீழ் உரித்துடையோர் ஆகியோர் மாத்திரமே அதில் வாக்களித்தனர். கோரிக்கை நிலுவையில் இருப்போருக்கு அவ்வாசல் மூடப்பட்டது. நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கு அது திறந்தே இருந்தது.

இந்நிலையில், வாக்கெடுப்பு முடிவதற்கு முன் ஒரு வேட்பாளர் விலக வேண்டுமெனக் கேட்பவர், அவ்வேட்பாளரிடம் மாத்திரம் தியாகம் கேட்கவில்லை. அவருக்காகப் பதிவுசெய்து காத்திருக்கும் ஒவ்வொருவரின் தெரிவையும் சேர்த்துக் கேட்கின்றார். பல வாக்குகள் உடையவருக்கு அது சிறு இழப்பாக இருக்கலாம். ஒரேயொரு வாக்கு மாத்திரம் உடையவருக்கு அதுவே முழு இழப்பாகும்.

பப்பினோவில் 1,260 வாக்குகள்

எமது பகுதியிலேயே நடைபெற்ற ஓர் உதாரணத்தை முதலில் நோக்குவோம். 2007ஆம் ஆண்டில் செயின்ட்-மிஷேலின் மேற்குப் பகுதி, வில்ரே மற்றும் பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதிகளுடன் சேர்ந்து பப்பினோ என்னும் சமஷ்டித் தொகுதியில் அடங்கியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் திகதி லிபரல் கட்சி அத்தொகுதிக்கான வேட்பாளரைத் தெரிவுசெய்தது. முன்னாள் பிரதமர் பியர் ரூடோவின் மகன் ஜஸ்ரின் ரூடோ ஒருபுறம். பார்க்-எக்ஸ்ரென்ஷன் மக்களை மாநகரசபையில் பிரதிநிதித்துவம் செய்துவந்த மேரி டெரோஸ் மறுபுறம். இத்தாலிய சமூகத்தில் நன்கு அறியப்பட்ட பசிலியோ ஜியோர்டானோ மூன்றாமவர்.

நாடறிந்த பெயரொன்று களத்தில் இறங்கியபோது ஏனைய இருவரும் ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் ஒதுங்கவில்லை. ரூடோ 690 வாக்குகளும், டெரோஸ் 350 வாக்குகளும், ஜியோர்டானோ 220 வாக்குகளும் பெற்றனர். ஆக, வாக்களித்தோர் 1,260 பேர். அவர்களில் 570 பேர் ரூடோவைத் தெரிவுசெய்யவில்லை.

இவ்வெண்கள் இரு செய்திகளைக் கூறுகின்றன. முதலாவது, பின்னாளில் 2015 முதல் 2025 வரை பிரதமராக இருந்த ஒருவர் அரசியலுக்குள் நுழைந்த வாசல் 1,260 பேர் கூடிய ஒரு வாக்கெடுப்பே என்பது. ஒரு நூறு குடும்பங்கள் ஒருமித்து நின்றால் எத்தகைய தாக்கத்தை உண்டாக்கலாம் என்பதை எண்ணிப்பாருங்கள். இரண்டாவது, போட்டி நடைபெற்றதனால் வெற்றியாளர் ஒவ்வொரு சமூகத்திடமும் சென்று ஆதரவு கேட்க நேர்ந்தது என்பது. எதிர்ப்பின்றித் தெரிவானவருக்கு வீட்டுக் கதவைத் தட்டும் தேவை எழுவதில்லை.

மூன்றாமவர் வென்ற மகாநாடு

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், இதே நகரின் மாநாட்டு மண்டபத்தில் இன்னும் தெளிவான பாடமொன்று எழுதப்பட்டது. 2006 செப்ரெம்பர் இறுதியில் நாடெங்கும் தொகுதிவாரியாக லிபரல் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைமைப் போட்டிக்கான பேராளர்களைத் தெரிவுசெய்தனர். அப்போது மைக்கல் இக்னாட்டியெவ் முதலிடத்திலும், பொப் ரே இரண்டாம் இடத்திலும், ஜெராட் கென்னடி மூன்றாம் இடத்திலும், ஸ்ரெஃபான் டியோன் நான்காம் இடத்திலும் நின்றனர். போட்டி முதலிருவருக்கும் இடையிலானது என்பதே பலரின் எதிர்பார்ப்பு.

டிசெம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் மொன்றியலில் பேராளர்கள் வாக்களித்தனர். முதற்சுற்றில் இக்னாட்டியெவுக்கு 1,412 வாக்குகள், ரேக்கு 977, டியோனுக்கு 856, கென்னடிக்கு 854. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையிலான வேறுபாடு இரண்டே இரண்டு வாக்குகள். அளிக்கப்பட்டவை 4,815. பதினெட்டு வீதத்தைக்கூட எட்டாத ஒருவரை அந்நேரத்தில் விலகச் சொல்லியிருந்தால், அது நியாயமான கோரிக்கை என்றே பலரும் கருதியிருப்பர்.

இரண்டாம் சுற்றில் டியோன் 974, கென்னடி 884. விதிப்படி அச்சுற்றில் வெளியேற்றப்பட்டவர் கடைசி இடத்தில் இருந்த கென் டிரைடன். கென்னடி தொடர்ந்து நிற்க உரிமை இருந்தது. ஆயினும் அவர் தாமாகவே விலகி டியோனுடன் இணைந்தார். மூன்றாம் சுற்றில் டியோன் 1,782 வாக்குகளுடன் முதலிடத்துக்கு வந்தார். ரே 1,375 வாக்குகளுடன் வெளியேறினார். இறுதிச் சுற்றில் டியோன் 2,521; இக்னாட்டியெவ் 2,084. நான்காம் இடத்திலிருந்து புறப்பட்டவர் கட்சியின் தலைவரானார்.

இதில் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது கென்னடியின் விலகல் நிகழ்ந்த நேரமாகும். வாக்குகள் இரு முறை எண்ணப்பட்ட பின்னரே அவர் விலகினார். தம்மை ஆதரித்த பேராளர்கள் அதே மண்டபத்தில் இருந்தனர். அவரைப் பின்தொடரவும் பின்தொடராமல் விடவும் அவர்களுக்குச் சுதந்திரம் இருந்தது. கட்சி மேலிடமோ முன்னணியில் நின்றவரோ அவரை வெளியேற்றவில்லை.

விலகுபவர் தம் வாக்குகளைப் பொதிகட்டி மற்றவரிடம் ஒப்படைத்துவிட முடியும் என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும் அம்மகாநாடு காட்டிற்று. முதற்சுற்றின் பின் ஸ்கொட் பிரைசனும் ஜோ வோல்ப்பேயும் ரேயை ஆதரித்து விலகினர். அவ்விருவரும் பெற்றிருந்தவை 348 வாக்குகள். அடுத்த சுற்றில் ரேயின் வாக்குகள் அதிகரித்ததோ 155 மாத்திரமே. அதற்கு முன்னரே, உறுப்பினர் வாக்களிக்கும் முன்பாகவே, மூவர் விலகி ரேக்கு ஆதரவு தெரிவித்திருந்தனர். இத்தனை விலகல்களும் சேர்ந்து அவரை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசெல்லவில்லை. தலைவர்கள் கைகுலுக்கலாம், வாக்காளரின் மனம் அவர்களுடைய பையில் இல்லை.

மறுதரப்பின் நியாயம்

விலக வேண்டும் என்போரின் வாதத்தில் நியாயமே இல்லை என நாம் கூறவில்லை. நீண்ட போட்டி காயங்களை உண்டாக்கும். ஒரே கட்சியினர் ஒருவர்மீது ஒருவர் வீசும் குற்றச்சாட்டுகளை எதிர்க்கட்சி சேகரித்து வைத்துக்கொள்ளும். பணமும் கரையும், 2006 போட்டியில் தோற்றவர்களில் சிலர் அக்கடனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் போராடினர். போட்டியில் வென்ற டியோனும் பொதுத் தேர்தலில் வெல்லவில்லை. 2006 தேர்தலில் 103 ஆசனங்கள் பெற்றிருந்த கட்சி 2008 ஒக்ரோபரில் அவரது தலைமையில் 77 ஆசனங்களாகச் சுருங்கியது. பின்தங்கியவர் நின்று வென்றால் கட்சி வென்றுவிடும் என்பது எவ்வகையிலும் உறுதியல்ல.

ஆனால் எதிர்வழியும் சோதிக்கப்பட்டுள்ளது. 2008 டிசெம்பரில், ஒட்டாவாவில் ஆட்சி நெருக்கடி நிலவிய வேளையில், லிபரல் கட்சிக்கு உடனடியாகத் தலைவர் தேவை எனப்பட்டது. உறுப்பினர் வாக்கெடுப்புக்குக் காலமில்லை என்றனர். டொமினிக் லெபிளாங் விலகினார். மறுநாள் பொப் ரேயும் விலகினார். இக்னாட்டியெவ் இடைக்காலத் தலைவரானார். 2009 மே மாதம் வன்கூவர் மகாநாட்டில் ஒரேயொரு வேட்பாளராக நின்று உறுதிசெய்யப்பட்டார். ஒற்றுமை இருந்தது, காயங்கள் இல்லை, கடனும் இல்லை. 2011 மே 2ஆம் திகதி அக்கட்சி 34 ஆசனங்களுடன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தலைவர் தமது சொந்தத் தொகுதியையும் இழந்தார்.

அத்தோல்விக்குக் காரணங்கள் பல. போட்டி நடைபெறாமையே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். பொதுத் தேர்தலில் யார் வெல்வார் என்னும் கணிப்பைக் காரணம் காட்டி உறுப்பினரின் வாக்கை முன்கூட்டியே முடித்துவைப்போர், தாம் வாக்களிக்கும் அப்பலனை வழங்க வல்லவர்கள் அல்லர். கணிப்பு பொய்க்கலாம். பறிக்கப்பட்ட வாக்கு மாத்திரம் திரும்பி வருவதில்லை.

2013இல் இரு வழிகளும் ஒரே போட்டியில் காணப்பட்டன. விண்வெளிக்குச் சென்ற முதற் கனடியரும் மொன்றியல் தொகுதியொன்றின் நாடாளுமன்ற உறுப்பினருமான மார்க் கார்னோ மார்ச் 13ஆம் திகதி விலகினார். தமது தரப்பு நடத்திய கருத்துக்கணிப்பில் ரூடோவுக்கு 72 வீதமும் தமக்கு 15 வீதமும் கிடைத்ததாக அவர் வெளிப்படையாகக் கூறினார். வன்கூவரைச் சேர்ந்த ஜொய்ஸ் மரே இறுதிவரை நின்றார். ஏனைய கட்சிகளுடன் தேர்தல் உடன்பாடு வேண்டும் என்பது அவரது கொள்கை. ஏப்ரலில் வெளியான முடிவில் ரூடோ 80 வீதத்துக்கு மேலும் மரே ஏறத்தாழ 10 வீதமும் பெற்றனர். கார்னோ 2015இல் அமைச்சரானார். மரே 2019இல் அமைச்சரானார். விலகியவருக்கும் இழுக்கில்லை, நின்றவருக்கும் இழுக்கில்லை. வேறுபாடு இதுவே: மரேயின் கொள்கையை எத்தனை பேர் ஏற்றனர் என்பது எண்ணப்பட்டுப் பதிவாயிற்று. கார்னோவை எத்தனை பேர் விரும்பினர் என்பது ஒரு கணிப்பாகவே நின்றுவிட்டது.

அமெரிக்கா தரும் பாடம்

இவ்விவாதம் உலகெங்கும் மிக உரத்து ஒலித்தது 2008இலாகும். அவ்வாண்டு மார்ச் 28ஆம் திகதி செனற்றர் பற்றிக் லேகி, ஹிலாரி கிளின்ரன் விலக வேண்டுமென வெளிப்படையாகக் கேட்டார். அன்று பென்சில்வேனியா வாக்களித்திருக்கவில்லை. இந்தியானாவும் வட கரோலினாவும் ஒறிகனும் போட்டோ ரிக்கோவும் வாக்களித்திருக்கவில்லை. முன்னணியில் நின்ற பராக் ஒபாமாவோ, கிளின்ரன் தாம் விரும்பும்வரை களத்தில் நிற்கலாம் என்றார். தாராள மனமும் நல்ல கணக்கும் ஒருங்கே அமைந்த பதில் அது.

ஜூன் 3ஆம் திகதி கடைசி மாநிலங்கள் வாக்களித்தன. ஜூன் 7ஆம் திகதி கிளின்ரன் தோல்வியை ஏற்று ஒபாமாவை ஆதரிக்குமாறு கேட்டுக்கொண்டார். ஓகஸ்ற் மாதம் டென்வர் மகாநாட்டில், ஒபாமாவை ஏகமனதாக ஏற்கும் பிரேரணையை முன்மொழிந்தவரும் அவரே. நீண்ட போட்டி கட்சியைப் பிளந்துவிடும் என அஞ்சப்பட்டது. நவம்பரில் ஒபாமா வென்றார். 1964க்குப் பின் ஜனநாயகக் கட்சி வெல்லாத இந்தியானாவையும், 1976க்குப் பின் வெல்லாத வட கரோலினாவையும் அவர் கைப்பற்றினார். அவ்விரு மாநிலங்களிலும் மே மாதம் வரை கடும் உட்கட்சிப் போட்டி நடந்தமையால், அவரது ஆதரவாளர் வீடு வீடாகச் சென்று பதிவுசெய்யும் வேலையை வசந்தகாலத்திலேயே தொடங்கியிருந்தனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

தாயகத்தின் இரு நிகழ்வுகள்

இனி எமது மண்ணுக்கு வருவோம். 1949இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சி, 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தன் தலைவரை முதன்முறையாக வாக்கெடுப்பின் மூலம் தெரிவுசெய்தது. போட்டியிட முன்வந்தோர் மூவர். அவர்களுள் சீ. யோகேஸ்வரன் வாக்கெடுப்புக்குச் சற்று முன் சி. சிறீதரனை ஆதரித்து விலகினார். சிறீதரன் 184 வாக்குகளும் ம. ஆ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். முக்கால் நூற்றாண்டாக ஏகமனதென்னும் திரைக்குப் பின்னால் நடைபெற்றுவந்த ஒன்று, அன்று எண்ணப்படக்கூடியதாக மாறியது. அது நல்ல தொடக்கம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தொடக்கம் முழுமையடையவில்லை. பொதுச்சபையில் வாக்குரிமை உடையோர் எவர் என்பது பற்றிய சர்ச்சை நீதிமன்றம் சென்றது. பெப்ரவரியில் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தெரிவானவர் பொறுப்பேற்க இருந்த தேசிய மகாநாடு நடைபெறவில்லை. வாக்காளர் பட்டியல் தூய்மையாக இல்லாவிடின், யார் நின்றார், யார் விலகினார் என்னும் கேள்விகள் யாவும் பயனற்றுப்போகும் என்பதே இதன் பாடம்.

இரண்டாவது நிகழ்வு அவ்வாண்டு செப்ரெம்பரில் நிகழ்ந்தது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் வெல்ல முடியாதவர் என்பது அவருக்கும் அவரை நிறுத்தியோருக்கும் தெரியும். வாக்கெடுப்புக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், செப்ரெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழு, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவெடுத்தது. தன் கட்சியைச் சேர்ந்தவரான அரியநேத்திரனைப் போட்டியிலிருந்து விலகுமாறும் கேட்டது. அவர் விலகவில்லை. செப்ரெம்பர் 21ஆம் திகதி 226,343 வாக்குகள் சங்குச் சின்னத்துக்குக் கிடைத்தன.

அவ்வாக்குகள் வீணாயின என்போரும், அவையே தமிழரின் குரல் என்போரும் எம்மிடையே உள்ளனர். அத்தீர்ப்பை இக்கட்டுரை வழங்கப்போவதில்லை. ஆனால் இரு தரப்பினரும் போதிய அளவு பேசாத ஓர் உண்மை உண்டு. இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் மூன்று விருப்பத் தெரிவுகளைக் குறிக்கலாம். முதல் தெரிவை வெல்ல முடியாத ஒருவருக்கு அளித்தவர், இரண்டாம் தெரிவை வெல்லக்கூடிய ஒருவருக்கு அளிக்க முடியும். எவரும் விலகத் தேவையில்லை. எவருடைய வாக்கும் வீணாகத் தேவையில்லை.

2024இல் எவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாமையால், வரலாற்றில் முதன்முறையாக இத்தெரிவுகள் எண்ணப்பட்டன. முதலிரு இடங்களையும் பெறாத வேட்பாளர்களுக்குக் கிடைத்திருந்த வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 105,264. சஜித் பிரேமதாசவுக்குச் சேர்ந்தவை 167,867. இரண்டும் சேர்ந்து மூன்று இலட்சத்தைக்கூட எட்டவில்லை. பத்தில் ஒருவரளவுகூட இம்முறையைப் பயன்படுத்தவில்லை என்பதே இதன் பொருள். வேட்பாளரை விலகச் சொல்லிச் செலவிட்ட மூன்று வாரங்களில், இரண்டாம் தெரிவை எவ்வாறு குறிப்பது என மக்களுக்கு விளக்கியிருந்தால் அது பெரும் பயன் தந்திருக்கும்.

செயின்ட்-மிஷேல் வாக்காளருக்கு

கனடாவிலும் இதே வாய்ப்பு உண்டு. லிபரல் கட்சி 2013இலும் 2025இலும் தன் தலைவரைத் தெரிவுசெய்தபோது விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையைக் கையாண்டது. அத்துடன் தொகுதி ஒவ்வொன்றுக்கும் நூறு புள்ளிகள் வழங்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் பதிவுசெய்த தொகுதிக்கும் நூறு. சில நூறு பேர் மாத்திரம் பதிவுசெய்த தொகுதிக்கும் நூறு. ஆகவே பதிவு குறைந்த தொகுதியில் ஒருவரது வாக்கின் நிறை அதிகம். செயின்ட்-மிஷேல் போன்ற புதுவரவாளர் பகுதிகளில் வாழ்வோர் இக்கணக்கை அறிந்திருத்தல் அவசியம்.

2025 மார்ச் 9ஆம் திகதி மார்க் கார்னி முதற்சுற்றிலேயே 85.9 வீதம் பெற்றுத் தலைவரானார். கிறிஸ்ரியா ஃபிறீலண்ட், கரினா கூல்ட், மொன்றியலைச் சேர்ந்த ஃபிராங்க் பேய்லிஸ் ஆகிய மூவரும் மிகப் பின்தங்கியே நின்றனர். மூவரும் கடைசிவரை விலகவில்லை. அதனால் கார்னிக்கு ஒரு குறையும் நேரவில்லை. வாக்களித்தோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பதும், அவர்களது தீர்ப்பு எத்துணை தெளிவானது என்பதும் எல்லோருக்கும் புலப்பட்டது. போட்டியின்றி முடிசூட்டப்பட்டிருந்தால் அந்தத் தெளிவு கிடைத்திராது.

எம்மவரிடையே உள்ள ஒரு வழக்கத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டியுள்ளது. உட்கட்சிப் போட்டி வரும்போது சமூகப் பிரமுகர்கள் சிலர் படிவங்களுடன் வருவர். குடும்பம் குடும்பமாகப் பதிவு நடைபெறும். வேட்பாளரின் பெயர் தவிர வேறெதுவும் சொல்லப்படுவதில்லை. பின்னர் அவ்வேட்பாளர் மற்றொருவருடன் பேசி விலகுவார். பதிவுசெய்த குடும்பங்களும் அவருடன் சேர்ந்து அடுத்தவரிடம் கைமாற்றப்பட்டதாகக் கருதப்படுவர். எதற்காக விலகினார், பதிலுக்கு எமது பகுதிக்கு என்ன வாக்குறுதி கிடைத்தது என்பதை எவரும் அவர்களுக்கு அறிவிப்பதில்லை. எம்மை ஏமாற்றும் விலகல்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

ஆதலால் சில செயல்களை வாசகர்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகின்றோம். நிரந்தர வதிவிடம் கிடைத்தவுடன், தாம் விரும்பும் கட்சியின் விதிகளைத் தாமே கேட்டறிந்து, காலக்கெடு முடியுமுன் தம் கையால் பதிவுசெய்ய வேண்டும்; ஒவ்வொரு கட்சிக்கும் விதி வேறுபடும். ஆதரவு கேட்டு வரும் வேட்பாளரிடம் அவரது கொள்கையைக் கேட்பதுடன், வாக்கெடுப்பு நாள்வரை நிற்பீர்களா, விலகினால் எங்களைக் கூட்டிக் காரணம் கூறுவீர்களா என்றும் கேட்க வேண்டும். விருப்ப வரிசை உள்ள சீட்டில் முதல் தெரிவுடன் நின்றுவிடாது இரண்டாவதையும் குறிக்க வேண்டும். அவ்விரண்டாம் தெரிவை எவரும் ஆணையிட்டுப் பெற இடமளிக்கலாகாது.

பின்தங்கிய வேட்பாளர் எப்போது விலக வேண்டும் என்னும் வினாவுக்கு எமது விடை இவ்வளவே. வாக்களிக்கத் தகுதியுள்ள கடைசி மனிதர் வாக்களிக்கும்வரை நிற்க அவருக்கு உரிமை உண்டு. தம் மனச்சாட்சிப்படி அதற்கு முன் விலகுவதும் அவரது உரிமை. அவ்வாறு விலகுபவர் தம்மை நம்பியோரை அழைத்துக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். முன்னணியில் நிற்பவருக்கோ, மத்திய குழுவுக்கோ, பத்திரிகைகளுக்கோ அதைக் கட்டளையாகக் கேட்கும் உரிமை இல்லை. இது எமது பத்திரிகைக்கும் பொருந்தும். எண்ணிக்கை முடிந்த பின்னர் நிலைமை மாறிவிடுகின்றது. அப்போது தோல்வியைத் தாமதமின்றி ஏற்று, தம்முடன் நின்றோரையும் கசப்பின்றி அழைத்துச் செல்வது கடமையாகின்றது. எண்ணும் முன் விலகக் கேட்பதும், எண்ணிய பின் ஏற்க மறுப்பதும் வாக்காளரை மதியாத ஒரே குணத்தின் இரு பக்கங்கள்.

எண்ணப்படாத மக்களாக வாழ்ந்த அனுபவம் எமக்கு உண்டு. இந்நாட்டில் எம்மில் ஒருவர் முதன்முதலாக ஒரு சீட்டை மடித்துப் பெட்டியில் இடும்போது, அவர் தெரிவுசெய்தவர் கடைசி இடத்திலேயே வரலாம். அப்படி வந்தாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்று அவருடையது. அந்த ஒன்றை எவர் கேட்டாலும் முன்கூட்டியே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.